நாகேஸ்வரியின் குரல்

இன்ஸ்பெக்டர் ஹமீட் கசெற்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். நாகேஸ்வரியின் குரல் பொலிஸ் நிலையத்து அறையில் கணீரென்று கேட்டது.

"என்ர பெடியன் வன்னியில இருந்து வந்திட்டான் அண்ணை. இன்னும் பொலிஸில பதியேல்லை. ஹெந்தளையில நிக்கிறான்."

எதிரே நாற்காலி நுனியில் இருந்த சிவபாதசுந்தரத்துக்கு உச்சி குளிர்ந்தது.

வெள்ளவத்தையில் அவருடைய வீட்டின் பின்பக்க அனெக்சில் குடியிருப்பவள் நாகேஸ்வரி. அவளைக் கிளப்பத் தலைகீழாக நின்று பார்த்தார். தண்ணீரை நிறுத்தினார், கரண்டை வெட்டினார். அவளோ வாடகைச் சட்டத்தைக் காட்டி, அசைய மாட்டேன் என்று குந்தியிருந்தாள். வாய்க்கு வாய் பதில் வேறு.

அவளிடம் போன் இல்லை. கனடாவிலிருந்து அண்ணன் எடுத்தால் அவருடைய ஹோலுக்கு வந்துதான் கதைக்க வேண்டும். போன் மேசைத் துணிக்குக் கீழே ரேப் ரெக்கோடரை ஒளித்து வைத்தார் மனிதர்.

பிடித்த சூட்டோடு சட்டத்தரணி ஸ்ரீஸ்கந்தராசாவிடம்தான் முதலில் ஓடினார்.

"ஐசே, ஆளுக்குத் தெரியாமல் களவாப் பிடிச்ச கதையைத் தூக்கிக்கொண்டு நான் கோட்டுப் படி ஏறமாட்டன்."

பொலிஸுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் ஊரில் யார் யாரிடம் அனுமதி கேட்பது? வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்து பதியாமல் நிற்கிற பெடியனையும், அவனை மறைத்த தாயையும் உள்ளே தள்ள அதுவே போதும்.

பிடிபட்டால் அந்தப் பெடியனுக்கு என்ன நடக்கும் என்று அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்தார். அனெக்ஸ் காலியாகும் என்றும் யோசித்தார்.

நாகேஸ்வரியின் பேச்சு முடிந்தது. டக்கென்று ஒரு சத்தம். ஹமீட் அவள் சொன்ன ஹெந்தளை முகவரியைக் குறித்துக்கொண்டிருந்தார். கசெற் ஓடிக்கொண்டேயிருந்தது.

"இவ்வளவுந்தான் சேர். நிப்பாட்டலாம்."

ஹமீட் இன்னும் எழுதி முடிக்கவில்லை.

சிவபாதசுந்தரத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. புதுக் கசெற் வாங்க மனம் வராமல், மனைவி சரோஜினிதேவி சாமியறையில் அடுக்கி வைத்திருக்கும் தேவாரக் கசெற்றுகளில் ஒன்றை உருவி, அதன் மேல்தான் பதிவு செய்திருந்தார். இனித் தேவாரம் தொடங்கும். இன்ஸ்பெக்டர் என்ன நினைப்பாரோ.

தேவாரம் வரவில்லை.

"...கடிதம் போட்டால் அப்பா உடைச்சுப் படிச்சிடுவார் எண்டுதான் அம்மா இதில கதைக்கிறன். மற்றக் கசெற்றுகளோட சேர்த்து வையுங்கோ."

மகனின் குரல். லண்டனில் படிக்கிறான் என்று வெள்ளவத்தை முழுக்க அவர் சொல்லித் திரிகிற மகன். மூன்று வருடங்களுக்கு முன் இயக்கத்துக்கு ஓடிப்போனவன். உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவருக்குத் தெரியாது.

இருந்தான். அந்த ஒரு நொடி அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டன் அம்மா. பாமன்கடையில, மாக்ரெட் அன்ரி வீட்டிலதான் நிக்கிறன். அப்பாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

சிவபாதசுந்தரத்தின் கை மேசையைத் தாண்டி நீண்டது.

ஹமீட் அதைத் தட்டிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.