மூடப்போகிற வகுப்பு

"இன்னும் எதுக்கும்மா நேர்ல வகுப்பு? காலம் எங்கேயோ போயிடுச்சு!"

மருத்துவமனை நிர்வாகி மேஜையைத் தட்டிச் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த டாக்டர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். காதில் விழாதவர்கள் இன்னும் பலமாகவே ஆட்டினார்கள்.

சோத்து டீச்சர் மட்டும் ஆட்டவில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு எதை, எவ்வளவு சாப்பிடணும் என்று சொல்லிக்கொடுக்கிற டயட்டீஷியன் அவள். 'சோத்து டீச்சர்' என்ற பெயரை வைத்தது நோயாளிகள்தான். வாரா வாரம் வியாழக்கிழமை, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் அவள் வகுப்பு நடக்கும். அதைத்தான் இன்றைக்கு இழுத்து மூடப் பார்க்கிறார்கள்.

"நம்ம ஆன்லைன் வகுப்பை நானூறு பேர் பாக்கறாங்க. உங்ககிட்ட எத்தனை பேர்?"

"பன்னெண்டு பேர் சார்."

"பன்னெண்டு!"

நிர்வாகி சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மேலதிகாரி சிரித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"கேமராவை அணைச்சிட்டு அந்த நானூறு பேரும் என்ன பண்றாங்கன்னு யாருக்கு சார் தெரியும்? போன மாசம் ஒரு மெக்கானிக் வந்தாரு. ஆன்லைன்ல 'வேளைக்கு ஒரு கப் சோறு'ன்னு சொன்னதை அப்படியே கடைப்பிடிக்கிறாராம். சுகர் மட்டும் ஏறிட்டே போகுது."

"சொன்னபடி செஞ்சா எப்படிம்மா ஏறும்?"

"வீட்டுக் கப்பை எடுத்துட்டு வரச் சொன்னேன். கொண்டு வந்தாரு. அதுல கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம் சார்!"

கடைசி நாற்காலியில் இருந்த டாக்டர் குபீரென்று சிரித்தார். நிர்வாகியின் முகத்தைப் பார்த்ததும் அதை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஆள் முட்டாளா இருந்தா ஆன்லைன் என்ன பண்ணும்?"

"முட்டாள் இல்ல சார். அவர் வீட்டுல கப்னா அதுதான். எதிர்ல வந்து உக்காந்ததாலதானே எனக்கே தெரிஞ்சுது?"

சொல்லும்போதே அவள் குரல் உயர்ந்துவிட்டது. அந்த மனிதருக்கு ஏற்கெனவே ஒரு கால் விரலை எடுத்தாகிவிட்டது. அடுத்த விரலையாவது காப்பாற்றிவிடலாம் என்று பார்த்தால், நிர்வாகி அடிமடியிலேயே கை வைக்கிறார்.

"சரி சரி, உணர்ச்சிவசப்படாதீங்க. அடுத்த வாரத்துல இருந்து எல்லாமே ஆன்லைன். உங்க மெக்கானிக்குக்கும் ஒரு லிங்க் தட்டி விடுங்க. விஞ்ஞானம் வளர்ந்துடுச்சு. நாமதாம்மா இன்னும் வளரல!"

பலத்த கைதட்டல். அந்த அறையில் இனி உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைக்கலாம் என்று ஒரு டாக்டர் யோசனை வேறு சொன்னார். கூட்டம் கலைந்தது.

"நீங்க மட்டும் கொஞ்சம் இருங்கம்மா."

போச்சு, வேலைக்கும் உலை வைக்கப்போகிறார் என்று நினைத்தபடி அவள் நின்றாள்.

நிர்வாகி வெளியே எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். இவ்வளவு நேரம் மேஜையைத் தட்டின மனிதரா என்று சந்தேகம் வருகிற மாதிரி குரல் இறங்கிவிட்டது.

"எனக்கு சுகர் இருக்கும்மா. இங்க யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அரை மணியில கேன்டீன் வரைக்கும் போயிடும்."

"அச்சச்சோ! நம்ம ஆன்லைன் வகுப்பைக் கேக்கலாமே சார்?"

"ஒண்ணு விடாம கேட்டேன். பரீட்சையில நூத்துக்கு நூறு. சர்டிஃபிகேட் கூட வந்துச்சு."

"அப்புறம் என்ன சார்?"

"சர்டிஃபிகேட்டைப் பாத்து சுகர் பயப்படலையே! முந்நூறைத் தாண்டி நிக்குது. ராத்திரியெல்லாம் கால் எரியுது. பயமா இருக்கும்மா." அவர் கெஞ்சினார். "நீங்க ஒரு நாள் வீட்டுக்கு வந்து, எதிர்ல உக்காந்து, நான் சாப்பிடறதைப் பாத்துச் சொல்லுங்களேன். ஸ்கிரீன்ல சொன்னா மனுஷனுக்கு என்னம்மா புரியுது?"

சோத்து டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கெல்லாம் எதுக்கு சார்? வியாழக்கிழமை வகுப்புக்கே வந்துடுங்க... நீங்க அதை மூடலைன்னா!"