அரை அங்குலக் குறை

ஆய்வுக்கு வந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையிலிருந்து அளவு டேப்பை எடுத்துக் கூட வந்தவரிடம் கொடுத்து, முதல் வேலையாகக் கழிவறைக் கதவை அளக்கச் சொன்னார்.

அந்த இடத்தின் பொறுப்பாளர் மேசையை விட்டு அவசரமாக எழுந்து வந்தார். "இன்னைக்கு வர்றதா தகவலே இல்லையே மேடம்" என்று இழுத்தார்.

"சொல்லிட்டு வந்தா அது விருந்து சார். சொல்லாம வந்தாத்தான் ஆய்வு."

யார், எங்கிருந்து என்று அதற்குமேல் கேட்கப் பொறுப்பாளருக்கு வாய் வரவில்லை. டேப்பும் கையுமாக வருகிறவரைப் பார்த்து நீ யார் என்று கேட்டவன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை.

மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அம்மாளுக்கு அல்ல, கூட வந்த நான்கு ஆண்களுக்கு. கீழே வாசல் காவலாளி, "என்னம்மா, இன்னைக்கு மாடிக்கேவா!" என்று கேட்டுச் சிரித்திருந்தார். இங்கே நாற்காலியோடு ஓடி வந்த பியூன், அம்மாளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு அதைத் திருப்பி எடுத்துப் போனான். பிறகு சுவரைப் பார்த்து நின்றான். தோள் மட்டும் குலுங்கியது.

கதவு அரை அங்குலம் குறைந்தாலும் மானியம் கிடையாது. அந்த விதி பொறுப்பாளருக்கு மனப்பாடம். மானியம் நின்றால் நாற்பது பேருக்கு நடைப் பயிற்சி நின்றுபோகும். அது அம்மாளுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் அவர் முகத்தில் இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

"நாலு அங்குலம் குறையுதுக்கா" என்றார் டேப் பிடித்தவர்.

"குறிச்சுக்க. ஏன் சார் பூட்டியிருக்கு?"

"சக்கர நாற்காலியில வர்றவங்களுக்குன்னே தனியாக் கட்டினது மேடம். அழுக்காயிடக் கூடாதேன்னு பூட்டியே வச்சிருக்கோம்."

"சாவி?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"அது தெரிஞ்சா எடுத்துக் கொடுத்துட மாட்டோமா மேடம்?"

லிஃப்டுக்குள் காலொடிந்த மேசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கீழே சாய்தளம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதன்மேல் பொறுப்பாளரின் ஸ்கூட்டர் வெயிலுக்கு ஒதுங்கியிருந்தது. படிக்கட்டின் உச்சியில், ஏறி வந்தவர்கள் மட்டும் படிக்கும்படியாக, 'தடைகளைத் தகர்ப்போம்' என்று ஒரு சுவரொட்டி.

"லிஃப்ட் ஓடலேன்னா, நடக்க முடியாதவங்க உங்களை எப்படிப் பார்ப்பாங்க?"

"அவங்க எதுக்கு மேடம் மேல ஏறிக் கஷ்டப்படணும்? பியூன் கீழ போய்க் காகிதத்தை வாங்கிட்டு வந்துடுவான். முகத்தைக்கூடப் பார்க்காம நான் வேலையை முடிச்சிடுவேன். எல்லாம் அவங்க வசதிக்குத்தான்."

"நல்ல வசதி" என்றார் அம்மாள். "விதிப்படி பார்த்தா இந்த இடத்தை இன்னைக்கே பூட்டணும்."

பொறுப்பாளர் கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைப்பதா, கழுத்தைத் துடைப்பதா என்று அதற்கே குழப்பம்.

"வயித்துல அடிக்காதீங்க மேடம்! கதவைப் பார்த்தா முடிவு பண்ணுவாங்க? உள்ள நடக்கிற சேவையைப் பாருங்க."

"கதவு நாலு அங்குலம் குறையுதே சார்."

"நாலு என்ன, நாற்பது குறையட்டுமே! கொத்தனார் செஞ்ச தப்புக்கு மாற்றுத்திறனாளிங்களைத் தண்டிக்கலாமா? அவகாசம் கொடுத்தா இடிச்சுக் கட்டிட்டுப் போறோம்."

"அரை அங்குலம்தான் குறையுதுன்னா?"

"அரை அங்குலத்துக்காக ஒரு சேவையை நிறுத்துறவன் மனுஷனே இல்ல மேடம்!"

நால்வரில் ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. மற்ற மூவரும் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள், கொஞ்சம் பலமாகவே.

அம்மாள் மட்டும் அசையவில்லை. "வாய் வார்த்தை காத்தோட போயிடும் சார். இப்பச் சொன்னதை எழுத்துல கொடுங்க. மனுஷனே இல்லைங்கறதை மட்டும் விட்டுடுங்க. படிக்கிறவர் வருத்தப்படுவார்."

பொறுப்பாளர் பாய்ந்து போய் உட்கார்ந்து எழுதினார். கட்டடத்தில் சிறு குறை இருப்பதற்காகச் சேவையை நிறுத்துவது நியாயமாகாது, ஓராண்டு அவகாசம் அளித்து நிதியைத் தொடர்வதே முறை என்று வந்தது வாசகம். தன் எழுத்தைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. கையெழுத்துப் போட்டார். பதவி முத்திரையை இரண்டு முறை ஊதிக் குத்தினார்.

"யார் பேருக்கு மேடம் போடணும்? தலைமை அலுவலகத்துக்கா?"

அம்மாள் தம் சக்கர நாற்காலியை உருட்டி மேசையருகே வந்தார். கடிதத்தை வாங்கி ஒரு முறை நிதானமாகப் படித்தார். பிறகு அதை அவர் பக்கமே திருப்பி வைத்தார்.

"உங்க பேருக்கே போடுங்க சார். கதவு அரை அங்குலம் குறையுதுன்னு நீங்க மானியத்தை நிறுத்தின சங்கத்துக்கு நான்தான் தலைவி."