சருகுப் பெட்டி

பெட்டியின் உள்சுவரில் அந்தப் பூச்சி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மாமனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அரிசி அளவுதான் உடம்பு. தலையிலிருந்து கிளம்பிய இரண்டு கொம்புகள் மட்டும் உடம்பைவிட மூன்று மடங்கு நீளம். இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் பறக்குமோ!

போன மழைக்காலத்தில் மருமகள் வேலையாக வெளியூர் போயிருந்தாள். பால்கனியில் அவள் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி நிறையக் காய்ந்த சருகு. மாமனாருக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். கை சும்மா இருக்குமா? சருகைக் குப்பை வண்டியில் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

அன்று மாலை மகன் பேச்சுவாக்கில் சொன்னான், அந்தச் சருகில்தான் அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் இருக்கிறதாம்.

இந்த நீளக் கொம்புப் பூச்சி பூவுக்குள் முட்டையிடும். உள்ளேயே விதையைத் தின்று வளரும் புழு, பிறகு தரையில் விழுந்து, சருகை வெட்டித் தைத்துத் தனக்கு ஒரு கூடு செய்துகொள்ளும். அதைச் சுமந்துகொண்டே திரியும். அதற்குள்ளேயே பூச்சியாகும். பார்த்தால் குப்பை மாதிரியேதான் இருக்கும்.

மாமனார் வாசலுக்கு ஓடினார். வண்டி போய்விட்டிருந்தது. வாசல் கேட்டோரம் இருந்த பூச்செடியின் அடியிலிருந்து சருகை அள்ளிவந்து பெட்டியை நிரப்பினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரிலிருந்து திரும்பிய மருமகள் தினமும் அதற்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

இன்று வாய்விட்டே கூப்பிட்டார். ஓடிவந்த மருமகள் முகம் வெளுத்து நின்றாள்.

"எப்படி மாமா? இதுல இருந்த புழுவெல்லாம் நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே செத்துப் போச்சே!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆராய்ச்சி நாசமாய்ப் போனதை யாரிடமும் சொல்லத் தைரியமில்லாமல், இத்தனை நாளும் வெறும் சருகுக்குத் தண்ணீர் தெளித்து வந்திருக்கிறாள்.

மாமனாருக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எழுந்திரும்மா. என்கூட வா."

கேட்டோரச் செடியின் மேல் வெயிலில் நீளக் கொம்புப் பூச்சிகள் கூட்டமாக ஆடிக்கொண்டிருந்தன. அடியில் கணுக்கால் அளவுக்குச் சருகு.

மழைக்காலத்திலிருந்து அந்த இடத்தில் மட்டும் அவர் துடைப்பம் போடவில்லை.