வியாழக்கிழமை மதுரைக்கு

"ரிப்போர்ட்டே தப்பு சிஸ்டர். வேற யாரோடதாவது மாறியிருக்கும். போயி நல்லாப் பாருங்க."

வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார் சின்னச்சாமி. பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறவர். இதற்காகவே ஆமத்தூர் வரை ஸ்கூட்டியில் வந்திருந்த நர்ஸ் ஹெப்சிபாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"டப்பாவுல உங்க பேருதான் இருக்கு, அண்ணே. போன மாசம் கம்பெனியில கேம்ப் போட்டு, ஐம்பது வயசு தாண்டுன எல்லாருக்கும் கொடுத்தோம்ல? மலத்துல ரத்தம் கலந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது, டெஸ்ட்லதான் தெரியும்."

"எனக்குக் கல்லத் தின்னாலும் செரிக்கும்."

"குடலுக்குள்ள டியூப் விட்டுப் பாக்கணும். மதுரை ஆஸ்பத்திரியில சண்டை போட்டு வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கியிருக்கேன். இத விட்டா ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் கழிச்சே வாங்கிக் கொடுங்க. தீபாவளி சீசன்ல எவன் லீவு தருவான்?"

மனிதர் பிடிகொடுப்பதாக இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி அய்யம்மாள்தான் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ரத்தம் வந்தா புத்துநோய்தானா சிஸ்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதுக்கா. மூலமாக்கூட இருக்கலாம். உள்ள சதை வளந்திருந்தா அங்கனயே வெட்டி எடுத்துருவாக. புத்துநோயாவே இருந்தாலும் ஆரம்பத்துல பாத்துட்டா குணமாக்கிறலாம். தள்ளிப்போட்டாத்தான் ஆபத்து."

"ரொம்ப வலிக்குமா?"

"மயக்க ஊசி போடுவாக. முந்தின நாளு வயித்தச் சுத்தம் பண்ண மருந்து குடிக்கணும். அதுதான் கொஞ்சம் பாடு."

"கூட ஒரு ஆள் வரணுமோ?"

"கட்டாயம் வரணும்."

புருஷன் மேல் இவளுக்கு எம்புட்டுப் பாசம் என்று ஹெப்சிபாவுக்கு மனசு இளகிப்போனது. அந்த மகராசனோ உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீக அண்ணே! அக்கா முகத்தப் பாருங்க, வெளிறிப் போச்சு. இவுகளுக்காகவாவது வாங்க. இல்லாட்டி தேதிய வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

சின்னச்சாமியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"உண்மையச் சொல்லிருதேன். சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிறாதீக. அந்தக் கருமத்த நான் தொடவே இல்ல சிஸ்டர். டப்பா எங்க, டப்பா எங்கன்னு தினமும் நச்சரிச்சாக. இவகிட்டக் கொடுத்து, எதையாவது போட்டு மூடிக் கொடுடின்னேன். கோழிப் பீயப் போட்டாளோ என்னவோ!"

தொடையைத் தட்டிச் சிரித்தார். தலையில் அடித்துக்கொண்ட ஹெப்சிபாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அய்யம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"கோழி இல்ல சிஸ்டர், அது என்னோடது," என்றாள். "வியாழக்கிழமைக்கு என் பேர எழுதுங்க."