தோற்றவர் டீ போட வேண்டும்

கிதிர் மாமா சட்டைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த நீளத் துணியை அவிழ்த்து மனைவியின் கையில் கொடுத்தார்.

ஈரான் எல்லையில் இருக்கும் எங்கள் சர்தஷ்தில் ஓர் ஆண்பிள்ளை வீட்டுக்கு வெளியே அதை அவிழ்ப்பது ஆஸ்பத்திரியில் என் அறையில் மட்டும்தான். வயிற்றைச் சுற்றி இறுக்கியிருந்தால் மூச்சுப் பரிசோதனை சரியாக வராது.

நாஸ்தார் அத்தை துணியை மடித்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். "போன வருஷம் மாதிரி பல்செட்டையும் சேத்து ஊதிடாதீங்க. பாவம், இந்தப் பொண்ணு மடியில வந்து விழுந்துச்சு."

இந்தப் பொண்ணு நான்தான். வாயில் குழாயைக் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க" என்று கத்துவது என் வேலை. ஈராக் போரில் விஷவாயுக் குண்டு விழுந்த அன்று கடைவீதியில் இருந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை என்னிடம் வருவார்கள். முப்பத்தாறு வருஷமாகியும் அது அவர்கள் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மூச்சுதான் குறைவு. வாய்க்குக் குறைவில்லை.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு பந்தயம் உண்டு. நல்ல நெஞ்சுக்கு நூறு வரும் இந்தச் சோதனையில் யாருடைய எண் குறைவோ அவர் வருஷம் முழுக்க டீ போட வேண்டும். எட்டு வருஷமாகக் கிதிர் மாமாதான் டீ போடுகிறார். கடைவீதியில் அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

அவர் தோற்பதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். குண்டு விழுந்த அன்று முதலில் அத்தையைத்தான் தூக்கி வந்தார். அப்புறம் மற்றவர்களைத் தூக்கிவர மறுபடியும் இரண்டு தடவை அந்தப் புகைக்குள் போனார்.

ஊதினார். முகம் கத்தரிக்காய் நிறமானது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு, மாமா."

முப்பதுக்குக் கீழே போனால் வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் கொடுப்போம். மூன்று மெஷின்கள் மூலையில் நின்றன. இரண்டு வருஷமாக அவர் பெயருக்கு எழுதுகிறோம், இரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். மெஷின் இல்லாமல் இந்தப் பனிக்காலத்தை அவர் தாண்டமாட்டார் என்று டாக்டர் போன மாதம் அத்தையிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

தாளை எடுத்தேன். அவர் கையால் தள்ளிவிட்டார்.

"விஷத்துக்குள்ள மூணு தடவ போய்ட்டு வந்தவன்மா நான். எனக்கு மூக்குல குழாயா?"

அத்தை துணியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். போன வருஷம் அவளுக்கு நாற்பத்து நான்கு.

மூன்று தடவை ஊதினாள். மூன்றிலும் பெரியதைத்தான் கணக்கில் எடுப்போம்.

"இருபத்தேழு," என்றேன்.

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அறைக் கதவைத் திறந்து, வரிசையில் காத்திருந்தவர்களிடம், "எட்டு வருஷம். எட்டு வருஷம் கழிச்சு ஜெயிச்சுட்டேன்," என்றார். யாரோ கை தட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பியபோது அத்தை குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"இவளுக்கு எழுதும்மா மெஷின்," என்றார். "இப்பவே எழுது. நானே கொண்டு போறேன்."

இடுப்பில் சுற்ற வேண்டிய துணியை மெஷினின் கைப்பிடியில் கட்டினார். கழுதையை இழுப்பதுபோல் அதை இழுத்துக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் இருமுவதும், நடுநடுவே வெற்றியை அறிவிப்பதும் கேட்டது.

நான் திரையில் அத்தை ஊதிய கோட்டைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக இந்தக் கோடுகளைத்தான் பார்க்கிறேன். முடியாமல் நின்ற மூச்சு வேறு, வேண்டுமென்றே நிறுத்திய மூச்சு வேறு. அரைகுறையாக ஊதினால் அந்தச் சோதனை செல்லாது. மறுபடி ஊதச் சொல்ல வேண்டும்.

"அத்தை, இன்னொரு தடவ ஊதுறீங்களா?"

அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் எதிலும் யாரிடமும் அவள் தோற்றதில்லை.

"குழாய் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டாள். "என் படுக்கைலேர்ந்து அவர் படுக்கை வரைக்கும் எட்டுமா?"

"அவர் போட்டுக்க மாட்டாரே, அத்தை," என்றேன்.

"தூங்கினப்புறம் மாட்டிவிட்டுருவேன். விடியறதுக்குள்ள கழட்டிருவேன். அவர் தூங்கினா பக்கத்துல குண்டு விழுந்தாலும் தெரியாது."

ஏழு மீட்டர் குழாய் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தாளில் இருபத்தேழு என்று எழுதி முத்திரை குத்தினேன். என் கை கொஞ்சமும் தயங்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

"தோத்தவளே, எங்க இருக்க?" வெளியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "போய் டீ போடணும்ல?"

"வர்றேன், வர்றேன்," என்றாள் அத்தை. குழாயை முக்காட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். "டீத்தூள் எங்க வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லிருங்க."

தலையை நிமிர்த்தி, வரிசையில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே அவள் நடந்து போனாள்.