மகிமைப் புகை

சபை திடீரென்று அமைதியானதும், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த சதீஷ்குமாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

வந்துவிட்டது. தேவ பிரசன்னம் இறங்கிவிட்டது. ஆணும் பெண்ணும் முழங்காலில் விழுந்து பேச்சற்றுக் கிடக்கிறார்கள் போல.

அவன் கண்ணைத் திறக்கவில்லை. ஆராதனை நடத்துகிறவன் பாதிப் பாட்டில் முழித்துப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்? அதுவும் எதிரே ஸ்டாண்டில், கீபோர்டு வாசிக்கிற மணிராஜின் செல்போனில் லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது?

அந்த லைவை மதுரையில் உட்கார்ந்து பெரிய பாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் அடுத்த மாதம் மைதானக் கூட்டத்தில் சதீஷ்குமார்தான் பாடுவான். பிடிக்காவிட்டால், அப்பா சொல்கிறபடி கோவில்பட்டியில் ஆட்டோ ஓட்ட வேண்டியதுதான்.

இதற்காக அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பசுவந்தனை ரோட்டில் இருந்த அந்தத் தகரக் கொட்டகையின் பின்சுவருக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தான். அதற்கு முன்னால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். லைவில் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது.

பளிச்சென்று சேலை கட்டியவர்களை முன்னால் உட்காரவைத்தான். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற பெண்களை வாசல் பக்கம் தள்ளினான். அவர்கள் பாடினால் தகரம் அதிரும். கைதட்டினால் ரிதத்தை முந்திக்கொண்டு ஓடும். சனங்கள் பாடுவது ஆராதனைக்கு இடைஞ்சல் என்பது அவனுடைய கொள்கை. மைக் வைத்திருப்பவன் பாடினால் போதாதா?

பாட்டோ, அக்கினியை இறங்கி வரச் சொல்லிக் கேட்கிற பாட்டு. அவனே கட்டியது. அந்த அடி வரும்போது மட்டும் வாசல் பக்கத்துப் பெண்கள் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். விசுவாசக் குறைவு என்று மைக்கிலேயே அவர்களைக் கண்டித்திருக்கிறான்.

கடைசியாகத்தான் புகை மிஷின். கல்யாண மேடைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரும்போது கிளப்புவார்களே, அதேதான். வாடகைக்கு எடுத்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் மகிமைக்கு என்ன மரியாதை? சரியாக அக்கினி அடியில், பாக்கெட்டில் இருந்த ரிமோட்டை அமுக்கினான்.

அப்போது வந்ததுதான் இந்த அமைதி. ரிதம் மட்டும் டங்கு டங்கென்று ஓடியது. கீபோர்டு மணிராஜ் இன்றைக்கு உணர்ந்து வாசிக்கிறான் என்று அவனுக்குச் சந்தோஷம்.

அடுத்த சரணமும் முடிந்தது. பேருக்கு ஒரு அல்லேலூயாகூட வரவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தான்.

கொட்டகையில் ஒருவரும் இல்லை.

நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன; ஸ்பீக்கர் இரைச்சலில் அது அவனுக்குக் கேட்கவே இல்லை. பைபிள்கள் தரையில் கிடந்தன. வாசலில் செருப்புகள் விட்ட இடத்திலேயே இருந்தன. ரிதம் கீபோர்டில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, மணிராஜைக் காணோம். சபைப் பாஸ்டர் பக்கத்துக் கதவு வழியாகப் போயிருப்பார் போல. அவருடைய துண்டு தாழ்ப்பாளில் மாட்டித் தொங்கியது.

புகைக்குள்ளிருந்து ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பட்டாசு ஆலைக்குப் போகிற ஆறுமுகத்தாய்.

“ஏலே சதீசு, இப்ப பாட்டு ஒரு கேடாலே? வெளிய வாலே, சவத்து மூதி!”

சின்ன வயதில் தனக்கு மூக்குச் சிந்திவிட்டவளையும் அவன் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். சிஸ்டர், அது ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அவள் எங்கே கேட்டாள்? சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனாள். மைக் ஒயர் போகிற மட்டும் போய்ப் பிடுங்கிக்கொண்டது.

வெளியே கரிசல் வெயிலில் சபை மொத்தமும் வெறுங்காலோடு நின்றது. ஆலைப் பெண்கள் ஒருத்தி பெயரை ஒருத்தி கூப்பிட்டு ஆள் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். புகையைக் கண்டால் யோசிக்காதே, எதையும் எடுக்காதே, ஓடு. ஓடிவந்ததும் ஆளை எண்ணு. இது அவர்களுக்கு மனப்பாடம். எண்ணிப் பார்த்தபோதுதான் பாட்டுக்காரன் வரவில்லை என்று தெரிந்திருக்கிறது.

போன பங்குனியில் ஆலையில் தீப்பிடித்த அன்று, மகள் செல்வலட்சுமியைத் தூக்கிவர ஓடிய ஆறுமுகத்தாயை நாலு பேர் சேர்ந்து பிடித்துவைத்துக்கொண்டார்கள். மகள் வரவே இல்லை. இன்றைக்கு யாரும் பிடிப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

அவள் உடம்பு இன்னும் உதறிக்கொண்டிருந்தது. பார்க்கச் சதீஷ்குமாருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது வெறும் மிஷின் புகைதான் என்று சொல்லிவிடத்தான் நினைத்தான், பாவம்.

அதற்குள் அவனுடைய போன் அடித்தது. மதுரை பெரிய பாஸ்டர்.

“தம்பி! சாலொமோன் ஆலயத்துல மேகம் எறங்கினப்ப ஆசாரியர்களால நிக்க முடியலைன்னு படிச்சிருக்கோம்ல? இன்னைக்குக் கண்ணால பார்த்துட்டேன். ஒரு சகோதரி ஆவியில நெறஞ்சு ஓடிவந்து உங்களைப் பிடிச்சாங்க பாருங்க, அடடா! வர்ற மாசம் நீங்கதான் பாடுறீங்க. ஆமா, இது எப்பவும் இப்படித்தான் எறங்குமா?”

சதீஷ்குமார் புகை கசிந்துகொண்டிருந்த கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான்.

ஆறுமுகத்தாய் அவன் கையைப் பிடித்து உலுக்கினாள். “யாருலே போன்ல? உள்ள இன்னும் ஆள் இருக்காவளா?”

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று அவளுக்குச் சைகை காட்டினான். பிறகு நாலடி தள்ளிப் போய், “வாராவாரம் எறங்குது ஐயா” என்றான்.

அவனுக்குப் பின்னால் ஆறுமுகத்தாய் முதலிலிருந்து மறுபடியும் ஆள் எண்ணத் தொடங்கினாள்.