முனி கேட்ட கம்பளி

பிறந்ததிலிருந்து கன்றுக்குட்டி ஆடிக்கொண்டே இருந்தது. தோலுக்கடியில் யாரோ பிசைகிற மாதிரி தொடையும் விலாவும் நெளிந்தன. தாய்ப்பசு நக்கி நக்கி ஓய்ந்துவிட்டது.

மூணாறு மலையில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தின்மேல் தை மாதப் பனி, பொழுது சாயுமுன்பே இறங்கிவிட்டது.

"கன்னுக்குள்ள ஓடை முனி புகுந்திருக்கு. இருட்டுறதுக்குள்ள கன்னைப் பள்ளத்துல தள்ளிரணும். இல்லேன்னா லயத்துக்கே ஆகாது" என்றார் பெரியமுத்து கங்காணி.

அழகுத்தாய் கன்றைக் கட்டிக்கொண்டாள். புருஷன் போனபின் அவளுக்கு அந்த மாடுதான் பிழைப்பு.

"ஒரு பழஞ்சாக்காவது குடுங்கண்ணே. போர்த்திப் பாக்கேன்."

"மனுசருக்கே பத்தல. கன்னுக்குப் போர்வையாம்!" என்று சிரித்தாள் பக்கத்து வீட்டுப் பூமாரி. ஒருவரும் அசையவில்லை.

பேய் ஓட்டும் கோடாங்கி சந்தனம் இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் உடுக்கையை எடுத்து வந்தார். கன்றின் தொடையில் கை வைத்தார். உடுக்கை அதிர்ந்தது. குரல் மாறியது.

"முனி வந்திருக்கேன்டா! கன்னைத் தள்ளுறவன் வீட்டுல ஏறிக்கிடுவேன்!"

கூட்டம் பின்வாங்கியது.

"என்ன சாமி வேணும்?" கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார்.

"குளிருதுடா! கம்பளி கொண்டா! காய்ஞ்ச புல்லைப் பரப்பு, கணப்பு மூட்டு! சீம்பாலைக் கறந்து சூட்டோட ஊத்து!"

"ஆட்டம் எப்ப சாமி நிக்கும்?"

"ஆடட்டும்! ஆடுற ஆட்டத்துலதான்டா கன்னு உசுரோட கெடக்கு. வவுத்துக்கு ஊத்தாம ஆட்டம் நின்னுச்சோ, உசுரையும் கொண்டு போயிருவேன்!"

தோட்டத்துத் துரை வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு கம்பளிதான் கொடுப்பார். அதையும் வீட்டுக்கு வீடு உருவிக் கொண்டுவந்தார்கள்.

"எல்லாம் கோடாங்கி வீட்டுக்குத்தான் போகப்போகுது" என்று முணுமுணுத்தபடி பூமாரியும் போட்டாள்.

கம்பளி இல்லாத லயம் விடிய விடிய நடுங்கியது.

காலையில் வெளியே புல்லெல்லாம் உறைபனி வெள்ளை. கம்பளிக் குவியலில் ஆட்டம் இல்லை. சத்தமும் இல்லை.

"முனி கொண்டு போயிருச்சா?" என்று கங்காணி எட்டிப் பார்த்தார்.

குவியல் எழுந்து நின்றது. கன்று கம்பளியை உதறிவிட்டுத் தாயின் மடியை முட்டியது.

சந்தனம் ஒவ்வொரு கம்பளியாக எடுத்து அவரவரிடம் கொடுத்தார். கும்பிட்டுவிட்டு எல்லோரும் கலைந்தார்கள்.

அழகுத்தாய் மட்டும் நின்றாள். "முனிக்கு என்ன படைக்கணும்ணே?"

சந்தனம் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"முனி ஏது தாயி? குளிருல நடுங்குச்சு, அம்புட்டுத்தான். நீ கன்னுக்குன்னு கேட்டே, ஒரு சாக்கு வரல. அதான் நான் முனிக்குன்னு கேட்டேன்."